ஒன்னாப்பு வாத்தியாருக்கு ஒரு மகமை

ஒடுக்கப்பட்ட வீட்டுக் குழந்தை முதன்முதலாக நுழையும் வகுப்பறையில் யார் நிற்கப்போகிறார்கள்? அந்த ஆசிரியரை உருவாக்கும் பொறுப்பில் செட்டிநாட்டுக்கும் பங்கு உண்டு.

காலை ஒன்பது மணிக்குச் செட்டிநாட்டு ஊர் எதில் நின்று பார்த்தாலும் இரண்டு காட்சிகள் கண்ணில் படும். ஒரு பக்கம் முகப்பில் பூட்டுத் தொங்கும் பெரிய வீடுகள். உள்ளே பர்மாத் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, வெயில் மட்டும் வந்து போகும் வளவு. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். கல்யாணம், முன்னோரை வணங்கும் படைப்பு, கோயில் திருவிழா என்றால்தான் சாவி வரும். மறுபக்கம், பையை முதுகில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். ஊருக்கு வெளியே இருக்கும் குடியிருப்பிலிருந்து நடந்து வரும் ஒன்னாப்புக் குழந்தையும் அவர்களில் உண்டு. அந்த வீட்டுக்குள் புத்தகம் நுழைவதே அந்தப் பைக்குள் இருந்துதான்.

அந்தக் குழந்தை வகுப்பில் போய் உட்காரும்போது எதிரே நிற்பவர் யார், அவர் அதை எந்தக் கண்ணால் பார்க்கிறார் என்பதில் பாதி வாழ்க்கை தீர்மானமாகிவிடுகிறது. இந்தக் கட்டுரை அந்த ஆசிரியரைப் பற்றியது. அவரை உருவாக்க ஆகும் பணத்தையும் பணத்தால் மட்டும் முடியாததையும் பற்றியது.

'படிக்கக் கூடாது' என்றொரு கட்டளை

இன்றைய சிவகங்கை மாவட்டம் அன்று ராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 1930 டிசம்பரில் அந்த மாவட்டத்து ஆதிதிராவிட மக்கள் மீது ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். நகை போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, சட்டை அணியக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு கூடாது. மறு ஆண்டு அந்தப் பட்டியலில் மேலும் பதினொன்று சேர்ந்தது. அவற்றில் ஒன்று, அவர்களுடைய பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது, மிராசுதார்களின் மாடு மட்டுமே மேய்க்க வேண்டும் என்றது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன், சாதி பற்றிய தம் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். தேவகோட்டைப் பகுதியில் நடந்த கொடுமைகளைப் பற்றி காந்தி எழுதினார். 1934-ன் தொடக்கத்தில் தம் ஹரிஜன யாத்திரையில் தேவகோட்டைக்கே வந்து பேசினார்.

தடை போட்டவர்களுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்திருந்தது. குடையையும் செருப்பையும் இன்று தடுக்கலாம், நாளை எவனாவது போட்டுக்கொண்டு வந்துவிடுவான். எழுத்து உள்ளே போய்விட்டால் மற்றத் தடைகள் ஒவ்வொன்றாகத் தாமே விழும். அதனால்தான் பள்ளிக்கூடத்தைக் குறிவைத்தார்கள்.

தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கட்டளை எந்தப் பலகையிலும் இல்லை. சத்துணவு இருக்கிறது, பாடநூலும் சீருடையும் இலவசமாக வருகின்றன. ஆனாலும் 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காட்டைத் தாண்டியபோது, பட்டியல் சாதி மக்களின் எழுத்தறிவு 73 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. மாநில மக்களில் ஐந்தில் ஒருவர் அவர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் தடுக்க வந்த தங்கையும், உடன் படித்த மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குள் சாதி எவ்வளவு தூரம் வேரோடியிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

பெயரோடு சாதியைச் சொன்னதும்

உத்தரப் பிரதேசக் கிராமப்புறத்தில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் வழிகண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். யார் எந்தச் சாதி என்று சொல்லாதவரை ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளும் மற்றவர்களும் சமமாகவே விடுவித்தார்கள். பெயர், அப்பா பெயர், ஊர், சாதி என்று எல்லார் முன்னிலையிலும் வாசித்த பிறகு அதே பிள்ளைகள் விடுவித்த புதிர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அறிவு அங்கேயேதான் இருந்தது. 'இவர்கள் நம்மை நியாயமாகப் பார்ப்பார்கள்' என்ற நம்பிக்கைதான் போய்விட்டது.

ரேமா ஹன்னா, லீ லிண்டன் இருவரும் செய்த இன்னொரு ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. விடைத்தாள்களின் முகப்பில் ஏதோ ஒரு சாதியை எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். 'தாழ்ந்த' சாதி என்று எழுதப்பட்ட தாளுக்கு மதிப்பெண் சற்றுக் குறைவாகவே விழுந்தது. அப்படிக் குறைத்துப் போட்டவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து வந்த ஆசிரியர்களும் இருந்தார்கள் என்பதுதான் நெஞ்சைச் சுடும் செய்தி. ஆகவே, அதே சாதியில் பிறந்தவர் என்பது மட்டும் போதாது. 'இந்தக் குழந்தையால் முடியும்' என்ற உறுதி வேண்டும். அந்த உறுதி பயிற்சியில் வளர வேண்டும்.

அதற்காகப் பிறப்பு பொருட்டே இல்லை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அமெரிக்காவின் டென்னசி மாநிலப் பள்ளிகளின் பதிவுகளைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு, மூன்றாம் வகுப்புக்குள் ஒரே ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த கறுப்பினக் குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. அப்படி ஓர் ஆசிரியர் அமையாத பிள்ளைகளைவிட அவர்கள் பள்ளியிறுதியை முடிக்கும் வாய்ப்பு 13 விழுக்காடு கூடுதல், கல்லூரியில் சேரும் வாய்ப்பு 19 விழுக்காடு கூடுதல். தன்னைப் போன்ற ஒருவர் கரும்பலகை முன் நிற்பதை ஆறு வயதில் பார்த்துவிட்ட குழந்தைக்கு, அந்த இடம் தனக்கும் உரியது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் மண்ணில் போட்ட விதை

இந்தப் பாடத்தை நம்மவர்கள் முன்பே படித்திருக்கிறார்கள். 1894-ல் அடையாறு ஊரூரில் கர்னல் ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1916-ல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியை எழுப்பினார். ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்த துறவி அவர். சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் ஒடுக்கப்பட்டோரின் முதல் குரலாக உட்கார்ந்த எம்.சி. ராஜா, பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கியவர், பாடநூல்களும் எழுதியவர். ஒடுக்கப்பட்டோர் அரசியலின் முதல் வரிசையில் ஒரு வாத்தியார் நின்றது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

செட்டிநாட்டிலும் அந்த விதை விழுந்தது. காரைக்குடிக்கு அருகே சிராவயலில் இருபது வயது இளைஞர் ஒருவர் காந்தி ஆசிரமம் நடத்தினார். தீண்டாமைக்கு அங்கே இடமில்லை. நூற்பும் படிப்பும் சேர்ந்தே நடந்தன. 1927-ல் செட்டிநாட்டுச் சுற்றுப்பயணத்தில் காந்தி அந்த இளைஞரைத் தேடிப் போய்ப் பார்த்தார். பின்னாளில் தமிழகம் 'ஜீவா' என்று அழைத்த ப. ஜீவானந்தம்தான் அவர். 'படிக்கக் கூடாது' என்ற கட்டளை பிறந்த அதே மாவட்டத்தில், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஒரு வாத்தியார் பதில் எழுதி வைத்திருந்தார்.

அரசும் சும்மா இருக்கவில்லை. அந்நாளில் தொழிலாளர் துறை தொடங்கிய பள்ளிகளின் வழியில் வந்தவைதான் இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். 1,100-க்கும் மேற்பட்ட அந்தப் பள்ளிகளில் பெரும்பகுதி தொடக்கப் பள்ளிகள். கட்டடமும் அரிசியும் பாடநூலும் அரசாணையால் வந்துவிடும். வகுப்பறையில் நிற்கும் மனிதரின் மனத்தை அரசாணையால் கொண்டுவர முடியாது.

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்க வேண்டும், நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவர வேண்டும் என்ற பரிந்துரைகளைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேசினார்கள். அதே அறிக்கை ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டத்தையே மாற்றி எழுதச் சொன்னது. அதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. என் பார்வையில் அந்த அறிக்கையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

பள்ளிகளை இணைக்கும்போது ஒரு பழைய தவற்றையும் நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்காவில் 1954-ல் பிரௌன் வழக்கின் தீர்ப்பு, வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பள்ளி என்ற முறையை ஒழித்தது. நீதி கிடைத்தது. ஆனால் பள்ளிகள் ஒன்றானபோது ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்களை வேலையை விட்டு அனுப்பினார்கள். பிள்ளைகள் பொதுப்பள்ளிக்குப் போனார்கள், அவர்களை நம்பிய வாத்தியார்கள் உடன் போகவில்லை. அந்த இழப்பை ஈடுகட்ட அங்கே இன்னமும் பாடுபடுகிறார்கள்.

ஒரு பெண்ணின் கணக்கு

செட்டிநாட்டு ஊர் ஒன்றில் பிளஸ் டூ முடித்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். அப்பா கட்டட வேலைக்குத் திருப்பூர் பக்கம் போனவர், மாதம் ஒருமுறை வருகிறார். பெண்ணுக்குச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதென்றால் உயிர். 'டீச்சர் டிரெயினிங் போறேம்மா' என்கிறாள். அவள் சொல்வது இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு.

உதவியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பட்டியல் சாதி மாணவர்களுக்கு பத்தாம் வகுப்புக்கு மேலான படிப்புக்குரிய உதவித்தொகை 1944-லிருந்தே இருக்கிறது. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த அம்பேத்கர் ஆண்டுக்கு மூன்று லட்சம் ரூபாய் கேட்டு வாங்கித் தொடங்கிவைத்தது அது. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு 2022-லிருந்து 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2024-லிருந்து பையன்களுக்கு 'தமிழ்ப் புதல்வன்'. இவை பெரிய காரியங்கள்.

ஆனால் அந்தப் பெண்ணின் கணக்கு அதோடு முடிவதில்லை. பேருந்துக் காசு, பயிற்சிக்குப் பள்ளிக்கூடம் போகும் நாட்களுக்கு நல்ல சேலை, பாடத்துணைப் பொருள் செய்ய அட்டையும் வண்ணமும், செய்முறை ஏடுகள். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டாண்டு வீட்டுக்குச் சம்பாதித்துத் தராமல் இருப்பது. பட்டயம் கைக்கு வந்ததும் வேலை வந்துவிடாது. தகுதித் தேர்வு எழுத வேண்டும், அதற்குப் பிறகு நியமனத் தேர்வு. அறிவிப்பு வரும் வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். ஜவுளிக்கடையில் நிற்கிறார்கள், கல்யாணமாகிப் போகிறார்கள். எந்தக் குழந்தைக்காக அவள் படித்தாளோ அந்தக் குழந்தையின் வகுப்பில் வேறு யாரோ நிற்கிறார்கள்.

இருக்கும் உதவிகள் படிப்புக்கு வழி செய்கின்றன. 'நீ தொடக்கப் பள்ளி ஆசிரியராக வேண்டும், இந்தப் பிள்ளைகளை நம்பும் ஆசிரியராக வேண்டும், வேலை கிடைக்கும் வரை நாங்கள் உன் கூடவே வருகிறோம்' என்று சொல்லும் உதவிதான் வேண்டியிருக்கிறது.

மரியாதையோடு கூப்பிடு

அமெரிக்காவில் அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. தென் கரோலினாவில் கிளெம்சன் பல்கலைக்கழகம் 2000-ல் 'கால் மீ மிஸ்டர்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. கறுப்பின ஆண்கள் தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஆவது அங்கே மிகவும் அரிது. ஏழைக் குடும்பங்களிலிருந்து வரும் அத்தகைய இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துக் கட்டணத்துக்கு உதவுகிறார்கள். அதோடு விடுவதில்லை. ஒரே அணியாக அவர்களைச் சேர்த்து வைத்து, வழிகாட்டிகளைத் தந்து, வேலையில் அமர்வது வரை துணை நிற்கிறார்கள்.

'என்னை மிஸ்டர் என்று அழை' என்ற பெயருக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. நரைத்த தலையுள்ள கறுப்பினத்தவரையும் 'பையா' என்று கூப்பிட்ட தேசம் அது. தாத்தா வயதுக்காரரைச் சின்னப் பையன் 'டேய்' என்று கூப்பிட்ட ஊர்கள் நமக்கும் புதிதில்லை. அந்தத் தாத்தாவின் பேத்தி வகுப்பறைக்குள் நுழையும்போது ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து நின்று 'வணக்கம் டீச்சர்' என்று சொல்வார்களானால், அந்த நிமிடம் ஒடுக்கப்பட்ட குழந்தைக்கு மட்டும் பாடமாகாது. மற்ற வீட்டுப் பிள்ளைகளும் அன்று ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்கள்.

எச்சரிக்கைக்கும் அங்கேயே ஓர் உதாரணம் உண்டு. ஏழைப் பகுதிப் பள்ளிகளில் நான்காண்டு பணிபுரிவதாக ஒப்புக்கொள்ளும் ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கு அமெரிக்க அரசு ஆண்டுக்கு 4,000 டாலர் வரை தருகிறது. நிபந்தனை தவறினால் அது கடனாக மாறும். பணியை ஒழுங்காகச் செய்தும், ஆண்டுப் படிவம் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதற்காகப் பல ஆசிரியர்கள் கடனாளி ஆனார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகே அதைச் சரிசெய்தார்கள். ஏழைப் பிள்ளைக்குக் கொடுக்கும் உதவி, தாளில் கட்டிய கயிறாகிவிடக் கூடாது.

பரோடாவில் கிடைக்காத அறை

உதவித்தொகை என்றதும் நம் நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது ஒரே ஒரு கதைதான். 1913-ல் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட், அம்பேத்கருக்கு மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்றாண்டுக்கு உதவித்தொகை தந்து கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். படித்து முடித்துப் பத்தாண்டு பரோடா அரசில் பணிபுரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். இந்திய வரலாற்றில் இவ்வளவு பலன் கொடுத்த உதவித்தொகை வேறு இல்லை.

அந்தக் கதையின் அடுத்த பக்கத்தைத்தான் நாம் அதிகம் புரட்டுவதில்லை. 1917-ல் ஒப்பந்தப்படி வேலையில் சேர அவர் பரோடா போனார். கொலம்பியாவில் படித்த அந்த மனிதருக்கு ஊரில் ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதியில் பெயரை மறைத்துத் தங்கினார். சில நாட்களில் செய்தி தெரிந்து தடியோடு வந்தவர்கள் வெளியேற்றினார்கள். போக இடமில்லாமல் ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். படிப்புக்கு மன்னர் பணம் கொடுத்தார். தங்குவதற்கு ஊர் ஓர் அறை கொடுக்கவில்லை. ஒப்பந்தம் அங்கேயே முறிந்தது.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் ஒரு வியாபாரி அந்த அறையையும் நினைத்துப் பார்த்தார். சியர்ஸ் நிறுவனத்தின் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்டு, கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனோடு சேர்ந்து அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காக ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழ உதவினார். 1932-க்குள் அது முடிந்தது. பள்ளியோடு 200-க்கும் மேற்பட்ட ஆசிரியர் வீடுகளையும் அந்த ஏற்பாட்டில் கட்டினார்கள். வாத்தியார் ஊருக்குள் மரியாதையாகக் குடியிருந்தால்தான் பள்ளிக்கூடம் நிலைக்கும் என்பதை அறிந்தவர்கள் செய்த வேலை அது.

செட்டிநாடு செய்யக் கூடியது

வியாபாரி பள்ளிக்கூடம் கட்டியதை செட்டிநாட்டுக்காரர்களுக்கு யாரும் அமெரிக்காவிலிருந்து எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கோட்டையூரில் 1909-ல் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். 1950-ல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். தாம் வாழ்ந்த வீட்டையும் கல்விக்கே கொடுத்துவிட்டார். பள்ளிக்கூடம் கட்டினால் போதாது, வாத்தியாரையும் உருவாக்க வேண்டும் என்று எழுபது ஆண்டுகளுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது.

செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாரின் பேரேட்டில் 'மகமை' என்று ஒரு வரி உண்டு. ரங்கூனிலும் பினாங்கிலும் கடை நடத்தியபோதும் வருவாயில் இவ்வளவு என்று ஒதுக்கி அறத்துக்கு எழுதிவைத்த தனிக் கணக்கு அது. கோயில் திருப்பணியும் பாடசாலையும் அன்னதானமும் அதில் நடந்தன. அதே பேரேட்டில் இன்னொரு வரி எழுதலாம். ஆசிரியர் மகமை.

கணக்கு பெரிதில்லை. இரண்டாண்டுப் படிப்பு, அதன் பிறகு தகுதித் தேர்வுக்குத் தயாராக ஆறு மாதம், மொத்தம் முப்பது மாதம். மாதம் 3,000 ரூபாய் என்றால் ஒருவருக்கு 90,000 ரூபாய். ஆண்டுக்கு பத்துப் பேர் என்றால் 9 லட்சம். ஒரு செட்டிநாட்டுக் கல்யாணத்தின் சாப்பாட்டுச் செலவுக்குப் பக்கத்தில் வரும் தொகை.

தேர்ந்தெடுக்கும்போது மதிப்பெண்ணை மட்டும் பார்க்க வேண்டாம். மாலையில் தெருவில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த பெண்ணையும், தம்பியைப் பள்ளிக்கூடத்தில் நிறுத்திவைக்கப் பாடுபட்ட பையனையும் தேடிப் பிடிக்கலாம். ஒடுக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து வருபவர்களுக்கு முதலிடம் தரலாம். அந்தப் பிள்ளைகளை மனதார நம்பும் எவருக்கும் கதவு திறந்திருக்கட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆளுக்கு ஒருவராகத் துணை நிற்கட்டும். ஐந்தாண்டு தொடக்கப் பள்ளியில் பணி என்பதை அவர்கள் வாக்காகக் கொடுக்கட்டும். வழக்குத் தாளாக எழுதி வாங்க வேண்டாம்.

கடைசியாகச் சொல்வதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில், ஊர்ப் பெயர்களில் வசைச்சொல்லாகிவிட்ட 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தார். ஆவணத்தில் சொல் போய்விடும். ஊருக்கும் அந்தக் குடியிருப்புக்கும் நடுவே இருக்கும் தூரத்தை ஊரார்தான் குறைக்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் அறைகள் இருக்கின்றன. பயிற்சி முடித்து ஊர்ப் பள்ளிக்கு வரும் ஒடுக்கப்பட்ட வீட்டு ஆசிரியைக்கு அந்த வீடுகளில் ஓர் அறையை வாடகை பேசாமல் கொடுக்க முடியுமா? பின்வாசல் வழியாகப் போகச் சொல்லாமல், முகப்பு வழியாகவே அவரை உள்ளே அழைக்க முடியுமா?

பணம் கொடுப்பதைவிட இது கடினம் என்று தெரியும். செட்டிநாட்டு ஆச்சிமார்களிடமும் ஐயாக்களிடமும், கடல் கடந்து இருக்கும் பிள்ளைகளிடமும் இதைத்தான் கேட்கிறேன். அடுத்த படைப்புக்கு ஊருக்கு வரும்போது பேரேட்டில் அந்த ஒரு வரியை எழுதுங்கள். திரும்பிப் போகும்போது சாவியை வாத்தியார் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.